கியருக்குப் பக்கத்தில் ஒரு ‘எம்’

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையிலும் சம்பளப் பட்டியலிலும் மட்டுமே இருந்தது. வீட்டுக்கும் உறவுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் அவள் ‘துருவி’. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்த பெயர். வைத்தவன் அவளுடைய தம்பி. பூமிக்கு இரண்டு துருவம் என்று பள்ளியில் படித்துவிட்டு வந்த அன்று, “ரெண்டு இல்ல, மூணு. மூணாவது எங்க வீட்லயே இருக்கு” என்று சொல்லிவிட்டு அடி விழுவதற்குள் ஓடினான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதை உதறப் பார்க்கவில்லை.

வேலை, காது பரிசோதனை நிலையத்தில். இருபத்து நான்கு வருடமாக ஒரே அறை. தடித்த கதவு, துளை போட்ட பலகை அடித்த சுவர்கள், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்தவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவார். இந்தப் பக்கம் துருவி இயந்திரத்தில் ஒவ்வொரு ஒலியாக அனுப்புவாள். கேட்டால் அவர் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இத்தனை வருடத்தில் அவளுடைய காது ஒரு தராசு மாதிரி ஆகிவிட்டது. மாடியில் யாரோ தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடாததையும், பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியின் மோட்டார் நோய்வாய்ப்பட்டிருப்பதையும் அவள்தான் முதலில் சொல்வாள்.

கணவரைப் பார்த்ததும் அந்த அறையில்தான். அவர் அப்போது டேங்கர் லாரி ஓட்டுநர். கம்பெனி வருடாவருடம் ஓட்டுநர்களைக் காது பார்க்க அனுப்பும். அன்றைக்கு அவர் எல்லா ஒலிக்கும் டக்டக்கென்று பொத்தானை அமுக்கினார். நாய்க்குத்தான் கேட்கும் என்று நினைக்கும் அளவுக்குச் சின்ன ஒலிக்கும் அமுக்கினார். துருவிக்குச் சந்தேகம் வந்தது. ஒலி எதுவும் அனுப்பாமல் விரலை மட்டும் அசைத்துப் பார்த்தாள். அதற்கும் அமுக்கினார்!

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். திட்டத்தான் வருகிறாள் என்று அவர் எழுந்து நின்றார்.

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்றாள் அவள்.

அவர் அசடு வழிந்தார். “உங்களுக்குப் பின்னால அலமாரிக் கண்ணாடி இருக்கில்லீங்களா? அதுல உங்க விரல் தெரியுது.”

அவள் அலமாரியை ஒரு துணியால் மூடிவிட்டு மறுபடி பரிசோதித்தாள். ஓட்டுநர் ஜன்னல் பக்கத்துக் காது கொஞ்சம் மந்தம். அதை உள்ளபடி எழுதினாள். எழுதிய பிறகும் விடவில்லை. சரியாகக் கேட்காத காதோடு கியர் மாற்றும் நேரம் எப்படித் தெரிகிறது என்று கேட்டாள். “காதுல எங்கங்க? உக்காருற இடத்துல தெரியும்” என்றார் அவர். எந்தெந்த வேகத்தில் எப்படித் தெரியும், ஏற்றத்தில் எப்படி, காலி டேங்கரில் எப்படி என்று அவள் கேட்கக் கேட்க, வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருடமே கல்யாணம்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது அவர் லாரியை விட்டு இறங்கி, அதே கம்பெனியில் உதிரி பாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். போன வருடம் துருவி அலுவலகப் படியில் சறுக்கி, இடது கணுக்காலை இரண்டு இடத்தில் உடைத்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்தார்கள். நடக்கலாம், படி ஏறலாம். கிளட்சை மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் மிதித்தால் உயிர் போகும். அதனால் பழைய காரைக் கொடுத்துவிட்டு, ஒரு தோல் மருத்துவரிடமிருந்து கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினார்கள்.

கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். “இது வண்டி இல்ல. சக்கரம் வச்ச சோபா” என்று தீர்ப்புச் சொன்னார். அதன்பிறகு எட்டு மாதம் அவர் அதன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. “அதுவா மாத்திக்குது, அதுவா ஓடுது. அப்புறம் நான் எதுக்கு, பாட்டுக் கேக்கவா?” என்பார்.

துருவிக்கு வண்டி பிடித்துத்தான் இருந்தது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நான்கு எழுத்துகள்: நிறுத்த, பின்னால் போக, சும்மா நிற்க, ஓட்ட. கடைசியில் இருக்கும் ‘டி’யில் போட்டுவிட்டால் வண்டி தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ‘டி’க்குப் பக்கவாட்டில் ஒரு சின்னச் சந்து பிரிந்து போனது. அதன் முனையில் ‘எம்’ என்று ஓர் எழுத்து. அதற்கு மேலே கூட்டல் குறி, கீழே கழித்தல் குறி.

வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்கலாம் என்றால், அது வண்டி பிறந்த நாட்டு மொழியில் இருந்தது. படங்கள் மட்டும் புரிந்தன. ஒரு படத்தில் ஒரு கை அந்தச் சந்துக்குள் தண்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. அடுத்த படத்தில் ஒரு மலை. அதற்கும் இதற்கும் நடுவில் அரைப் பக்கம் எழுத்து, ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டியை விற்ற மருத்துவருக்கே போன் போட்டாள். “பதினோரு வருஷம் ஓட்டினேன்மா. அந்தப் பக்கம் கையே வச்சதில்ல. நல்லா ஓடுற வண்டிய எதுக்கு நோண்டணும்?” என்றார் அவர்.

மெக்கானிக், “அது சும்மா ஷோவுக்குக்கா. வாங்குறவங்க சந்தோஷத்துக்கு வைக்கிறது” என்றான். அவன் சொன்னவிதத்திலேயே அவனுக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி வந்தபோது அவனிடம் கேட்டாள். “எம்னா மலை, அக்கா. படத்துலதான் மலை போட்டிருக்கே.” தம்பி மனைவி, “மெயின்டனன்ஸா இருக்கும் அண்ணி. சர்வீஸ் பண்றவங்க போடுறது” என்றாள். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “எம்னா மனைவி. கூட்டுறதும் கழிக்கிறதும் அவங்க இஷ்டம்” என்றார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். துருவி மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நகரத்துக்கு வெளியே குளிர்பதனக் கிடங்கின் பின்புறம் இருக்கும் பெரிய சிமென்ட் மைதானத்துக்குத் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். லாரிகள் வராத நாள். காவலாளியிடம், “கொஞ்ச நேரம் சுத்திக்கலாமா?” என்று கேட்டாள். “கத்துக்கிறீங்களாம்மா?” என்றார். “ஆமாம்” என்றாள். பொய்யில்லையே.

‘டி’யில் போட்டு மெதுவாக ஓட்டினாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்டைச் சந்துக்குள் தள்ளினாள். எதுவும் உடையவில்லை. வேகமானிக்குக் கீழே அதுவரை இல்லாத ஓர் எண் முளைத்தது: 2.

கூட்டல் பக்கம் ஒரு தட்டுத் தட்டினாள். எண் 3 ஆயிற்று. எஞ்சின் குரல் தாழ்ந்தது. கழித்தல் பக்கம் தட்டினாள். மறுபடி 2, குரல் ஒரு படி ஏறியது, வண்டியை யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைந்தது. பிரேக்கில் அவள் கால் வைக்கவே இல்லை.

“அடேங்கப்பா!” என்றாள், வண்டிக்குள் வேறு யாருமில்லாமலே.

அதாவது கியர் இருக்கிறது. கிளட்ச் மிதிக்கிற வேலையை வண்டி எடுத்துக்கொள்கிறது. எந்தக் கியர் என்பதை மட்டும் நம்மிடம் விட்டுவிடுகிறது. எம் என்றால் ‘மேனுவல்’. இவ்வளவுதான் விஷயம். பதினோரு வருடம் ஒரு மருத்துவர் இதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்!

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. நல்ல வேகத்தில் போகும்போது வேண்டுமென்றே கழித்தல் பக்கம் இரண்டு தட்டுத் தட்டினாள், ஒன்றாம் கியர் கேட்டு. எண் இரண்டு முறை கண் சிமிட்டியது, ‘பீப்’ என்று ஒரு முனகல், அவ்வளவுதான். வண்டி மறுத்துவிட்டது. மூன்றாவதில் போய்க்கொண்டிருந்து அப்படியே நிறுத்தியபோது, அவள் ஒன்றும் தட்டாமலே எண் தானாக 1-க்கு வந்து நின்றது. முழுப் பொறுப்பையும் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டு, ஒரு கண்ணை நம்மேலேயே வைத்திருக்கிறது. எந்த வேகம் வரைக்கும் சம்மதிக்கும், எதற்கு மேல் மறுக்கும்? அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு கியராக, ஒவ்வொரு வேகமாக ஓட்டிப் பார்த்து எழுதினாள். மதியம் காவலாளி பொறுக்க முடியாமல் வந்து, “இன்னுமா வரலம்மா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். “கிளட்ச் இல்லாம கியரா? ஊசி இல்லாம தைக்கிற மாதிரி” என்று திருப்பிக் கொடுத்தார். ஆனால் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்பதை அவள் கவனித்தாள்.

அடுத்த மாதம், மலைமேல் இருக்கும் கல் அரைக்கும் ஆலையில் தொழிலாளர்களுக்குக் காது பார்க்க அவளை அனுப்பினார்கள். நிலையத்தின் வேன் பழுதில் கிடந்தது. அவளே காரில் போக வேண்டியதாயிற்று. இயந்திரப் பெட்டி கனம். கணவர் விடுப்புப் போட்டுவிட்டுத் துணைக்கு வந்தார்.

ஏற்றத்தில் வண்டி ‘டி’யில் தடுமாறியது. மூன்றுக்குப் போகும், இழுக்க முடியாமல் இரண்டுக்கு வரும், கொஞ்சம் வேகம் பிடித்ததும் மறுபடி மூன்று. கடைக்குள் நுழைந்துவிட்டு எதை வாங்குவது என்று தெரியாதவரைப் போல. பக்கத்தில் கணவர் பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கால் கிளட்ச் இல்லாத தரையை ஒவ்வொரு முறையும் மிதித்தது.

துருவி தண்டைச் சந்துக்குள் தள்ளி, இரண்டில் நிறுத்தினாள். தடுமாற்றம் நின்றது. வண்டி ஒரே மூச்சில் ஏறியது.

“என்ன பண்ணின?” என்றார் அவர். காதால் அல்ல, அவர் சொல்கிற அந்த இடத்தால் கண்டுபிடித்துவிட்டார்.

“மனைவில போட்டேன்” என்றாள்.

ஆலையில் முப்பத்தெட்டுப் பேருக்குப் பார்த்து முடிக்க மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. கிளம்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. இறக்கம் பதினான்கு கிலோமீட்டர். துருவி தொடக்கத்திலேயே இரண்டாவது கியரில் போட்டுக்கொண்டாள். எஞ்சின் ஏறிய குரலில் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கியது. வளைவு வரும்போது மட்டும் பிரேக்கை லேசாகத் தொட்டாள். கணவர் சாலையைப் பார்க்கவில்லை. அவளுடைய வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“கால வைக்கவே மாட்டேங்கிற” என்றார்.

“வேணாமே. அதுவே புடிச்சுக்குது.”

“லாரியில நாங்களும் இப்படித்தான் இறக்குவோம்” என்றார். சோபாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாறு வளைவு தாண்டியதும் ஏதோ தீய்ந்த நாற்றம் வந்தது. அடுத்த வளைவில் ஒரு வேன் ஓரமாக ஒதுங்கி நின்றது. முன்சக்கரங்களிலிருந்து புகை. பக்கத்தில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். குடையின் கீழ் இரண்டு பெண்கள்.

கார் முழுதாக நிற்பதற்குள் கணவர் இறங்கி ஓடினார். “தண்ணி ஊத்தாதீங்க! சூட்டுல ஊத்தினா பிரேக் தட்டு வெடிப்பு விட்டுடும்!” ஓடிய வேகத்திலேயே ஒரு கல்லை உருட்டி வேனின் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார்.

வேன்காரர் மருந்துக்கடை வைத்திருப்பவர். வாடகை வேன், அதுவும் ஆட்டோமேட்டிக். மனைவியையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு மலை பார்க்க வந்திருக்கிறார். முகம் வெளிறிப்போயிருந்தது. “பிரேக்க மிதிச்சா உள்ள போயிட்டே இருந்துச்சு சார். கைப் பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்திட்டேன்.”

“நான் அப்பவே நாத்தம் அடிக்குதுன்னு சொன்னேன்” என்றார் மாமியார். “அது நான் தேய்ச்சிருக்கிற தைலம்னு சொல்லிட்டாரு. மருந்துக்கடைக்காரருக்குத் தைலத்துக்கும் தீயிற நாத்தத்துக்கும் வித்தியாசம் தெரியல!”

மருமகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கணவர் அவருடைய தோளைத் தட்டினார். “ஆறட்டும். முக்கால் மணி நேரம் ஆகும். உங்க தப்பு ஒண்ணுமில்ல, பிரேக்குலேருந்து காலை எடுக்காமலே இறங்கியிருக்கீங்க, அவ்வளவுதான்.”

“வேற எப்படி சார் இறங்குறது? இதுலதான் கியரே இல்லையே.”

அதற்குள் துருவி வேனின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுல எம் இல்லீங்க” என்று கத்தினாள். “ஆனா டிக்குக் கீழ ரெண்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கும் கீழ எல். இது என்னன்னு கேட்டிருக்கீங்களா யாருகிட்டயாவது?”

“இல்லீங்களே...”

“நானும் பார்த்ததில்ல” என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மாமியார் திரும்பிப் பார்த்தார். துருவிக்கே வெட்கமாகப் போயிற்று. ஒருவர் உயிர் தப்பி நிற்கிறார், நமக்கு எழுத்துதான் கண்ணில் படுகிறது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. “இதுவும் நம்மது மாதிரிதாங்க இருக்கணும். ரெண்டுன்னா ரெண்டுக்கு மேல போகாது. எல்னா ஒண்ணு, ‘லோ’. இல்லேன்னா எதுக்கு இறங்கு வரிசையில வச்சிருக்கான்?” என்று கணவரைப் பார்த்தாள்.

 பிரேக் ஆறியதும் கணவர் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். பெடல் மறுபடி கெட்டியாக நின்றது. திரவம் ஒழுகவில்லை. அந்தச் சரிவிலேயே பத்தடி உருட்டி நிறுத்திப் பார்த்தார். பிறகு முடிவு சொன்னார்: பெண்கள் இருவரும் காரில். துருவி முன்னால், இரண்டாவது கியரில், முப்பதைத் தாண்டாமல். வேன் பின்னால், மருந்துக்கடைக்காரர் ஓட்ட, தான் பக்கத்தில்.

“நீங்களே ஓட்டிடுங்களேன் சார்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“எனக்கு இந்த வண்டி பழக்கமில்ல. இடது கால் சும்மா இருக்காது, கிளட்ச்சுன்னு நினைச்சுப் பிரேக்க மிதிச்சுத் தொலைக்கும்” என்றார் கணவர். பெருமைக்காரர் வாயிலிருந்து அது வந்ததைத் துருவி கேட்டாள். பிற்பாடும் அதை அவள் யாரிடமும் சொல்லிக் கேலி செய்யவில்லை.

இறங்கினார்கள். மழை விட்டிருந்தது. துருவி ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டாள். கண்ணாடியில் வேன் தெரியாத வளைவுகளிலும் அதன் சத்தம் அவளுக்குத் தெரிந்தது. சீரான ஒரு உறுமல். நல்லது, இரண்டில்தான் வருகிறார்கள். ஒரு செங்குத்தான இறக்கத்தில் அந்தக் குரல் கூடிக்கொண்டே போனது. துருவியின் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. வேகம் பிடிக்கிறது. போதாது, இரண்டு போதாது.

“என்னம்மா ஆச்சு?” என்றார் பின்சீட்டில் மாமியார்.

“ஒரு நிமிஷம் பேசாதீங்கம்மா.”

குரல் சட்டென்று தணிந்தது, பிரேக்கைத் தொட்டிருக்கிறார்கள். ஒரு கணம் கழித்து, ஒரு முழுப் படி ஏறி, அங்கேயே நின்றது. எல்! எல்-லுக்கு இழுத்துவிட்டார்கள்! கண்ணாடியில் வேன் வளைவைக் கடந்து வந்தது, ஆமை மாதிரி, அழகாக.

“ஒண்ணுமில்லம்மா. எல்னா ஒண்ணுதான்” என்றாள் துருவி. அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, “நல்லதும்மா” என்றார்.

அடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். மருந்துக்கடைக்காரர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கணவர், “எனக்கென்ன தெரியும்? இவ சொன்னதுதான். மொதல்ல வேகத்தைக் குறைச்சுட்டு அப்புறம் இழுங்கன்னேன், இவ நோட்டுல எழுதி வச்சிருந்தா” என்றார். பிரேக்கை மெக்கானிக்கிடம் காட்டாமல் அந்த வேனை இனி நகர்த்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். நோட்டை அவர் எப்போது அவ்வளவு கவனமாகப் படித்தார் என்று துருவி கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்ட மிகச் சில கேள்விகளில் அது ஒன்று.

பத்து நாள் போயிருக்கும். மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கணவர் வந்து நின்றார். சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டு வரலாமா?”

“போலாமே. இருங்க, செருப்பு போட்டுக்கிறேன்.”

“நான் ஓட்டுறேன்” என்றார், சுவரைப் பார்த்து.

முதல் நிறுத்தத்திலேயே இடது கால் தன் குணத்தைக் காட்டியது. வண்டி சடாரென்று நின்றது. இரண்டு பேரும் கண்ணாடியை நோக்கிப் பணிந்து எழுந்தார்கள். பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்தார். கணவர் இடது காலை மடக்கி இருக்கைக்கு அடியில் சொருகிக்கொண்டார். மறுபடி கிளம்பினார். தண்டைச் சந்துக்குள் தள்ளினார். கூட்டல். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூட்டல். அவருடைய முதுகு இருக்கையில் நன்றாகப் பதிந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் தலை லேசாக ஆடியது, யாரோ சொல்வதை ஆமோதிக்கிற மாதிரி.

“எப்படிங்க இருக்கு?”

“ம்...” என்றார்.  பாலத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், கழித்தல், கழித்தல் என்று இறக்கிக்கொண்டு வந்து, கடைசியில் மட்டும் பிரேக்கைத் தொட்டுச் சாலையோரத்தில் பூப்போல நிறுத்தினார். “மரியாதை தெரிஞ்ச வண்டி. கேட்டாத்தான் குடுக்குது. கேக்கக் கூடாததக் கேட்டா, இல்லேங்குது” என்றார்.

இறங்கிப் போய் ஆற்றைப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்குத் திரும்பக் காரில் ஏறினார்கள். கணவர் பின்னால் எடுப்பதற்காகத் தண்டை ‘ஆர்’-க்குத் தள்ளி, கழுத்தைத் திருப்பினார்.

“ஏங்க,” என்றாள் துருவி.

“என்ன?”

“முன்னால போறதுக்கு இத்தனை கியர் இருக்கே, பின்னால போறதுக்கு மட்டும் ஏன் ஒண்ணே ஒண்ணு?”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர்.  பிறகு தண்டை மறுபடி நிறுத்தத்தில் போட்டு, எஞ்சினை அணைத்தார்.

“இரு, யோசிக்கலாம்” என்றார்.